கொடிப்பாறையில் நான் பிடித்த கயிறு

நிரோஷா,

நேற்று போனில் நீ கேட்டதற்கு, "யோசிச்சுச் சொல்றேன் புள்ள" என்று சொல்லி வைத்துவிட்டேன். அதில் யோசிக்க ஒன்றுமில்லை. பதில் அப்போதே நாக்கு நுனியில் இருந்தது. ஏலாது என்று சொன்னால் ஏன் என்று கேட்பாய், நான் இருமிக்கொண்டே ஏதாவது சொல்லுவேன், "சரிப்பா, பரவால்ல, விடுங்க" என்று நீயும் வைத்துவிடுவாய். அதோடு அந்தப் பேச்சு போய்விடும். அப்படிப் போகவிட எனக்கு மனசில்லை. அதனால்தான் ஞாயிற்றுக்கிழமை பகல் சாப்பாட்டுக்குப் பிறகு படுக்காமல், தோட்டத்து லயத்து வீட்டு வாசலில் பிளாஸ்டிக் கதிரையைப் போட்டு உட்கார்ந்து இதை எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருக்கும். ஏனென்று படிக்கப் படிக்கத் தெரியும்.

வெளிநாட்டுக்குப் போவதற்கு முன்னால் ஒருதரம் கொடிப்பாறையில் முன்பக்கமாக ஏற வேண்டும், கீழே நின்று நான்தான் கயிறு பிடிக்க வேண்டும் என்று கேட்டாய். நீ போகிற இடத்தில் பனிமலைகளில் ஆட்களைக் கூட்டிக்கொண்டு ஏறுகிற வேலையைப் படிக்கப்போகிறாய். படித்து முடித்த பிறகு எந்த நாட்டில் இருப்பாய் என்று உனக்கே தெரியாது. ஆகவே நீ கேட்டது நியாயம்தான். ஆனால் என் வலது கை இப்போது நான் சொல்வதைக் கேட்பதில்லை. போன மாதம் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தபோது கோப்பை கையிலிருந்து நழுவி விழுந்தது. விழுந்த சத்தம் கேட்டுத்தான் அது கையில் இல்லை என்பதே எனக்குத் தெரிந்தது. நுவரெலியா ஆஸ்பத்திரியில் காட்டினேன். கழுத்து எலும்பு தேய்ந்து நரம்பை அழுத்துகிறதாம். கயிற்றைப் பூட்டி நிறுத்துகிற கை வலது கை. அந்தக் கைக்குள் கயிறு இருக்கிறதா இல்லையா என்பதே தெரியாத ஒருவன் கீழே நிற்கும்போது நீ மேலே போகக்கூடாது. இது நீயே பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிற பாடம்தான்.

கை மட்டும்தான் காரணம் என்றும் எழுதமாட்டேன். எனக்கு அலுத்துப்போய்விட்டது புள்ள. உன்மேல் அலுப்பு என்று நினைத்துவிடாதே. அண்ணாந்து பார்ப்பதில்தான் அலுப்பு. இத்தனை வருஷமாக ஒரே இடத்தில் நின்று, கழுத்தை மடக்கி, உன் கால் எந்தப் பிளவில் ஊன்றுகிறது, எந்த விரல் நடுங்குகிறது என்று பார்த்துப் பார்த்து, இப்போது வானத்தில் ஒரு பருந்து போனால்கூட நிமிர்ந்து பார்க்கத் தோன்றுவதில்லை.

நீ எப்படி ஏறத் தொடங்கினாய் என்று பத்திரிகைக்காரர்கள் வரும்போதெல்லாம் என்னைக் கேட்பார்கள். சின்ன வயசிலிருந்தே மரத்தில் ஏறுவாளா, பாறையில் ஏறுவாளா என்பார்கள். அப்படியெல்லாம் ஒன்றுமில்லை. சின்ன வயசில் நீ ஏறியது ஸ்கூல் பஸ்ஸில் மட்டும்தான். நீ அஞ்சாம் வகுப்பில் இருந்தபோது அம்மா குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போனாள். அதற்குப் பிறகு நீ வெளியே விளையாடப் போவதையே விட்டுவிட்டாய். வெள்ளிக்கிழமை அம்மா போன் எடுப்பாள். "அம்மா பேசுறாங்க, வா" என்று கூப்பிட்டால், "குளிக்கிறேன்னு சொல்லுங்க" என்பாய். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அதே பதில். ஒருநாள் அம்மா போனிலேயே கேட்டாள், "ஏங்க, அந்தப் புள்ள எந்நேரமும் குளிச்சுக்கிட்டேதான் இருக்காளா? தண்ணிக் கஷ்டம்னு சொன்னீங்களே." அவள் சிரித்துக்கொண்டுதான் கேட்டாள். நானும் சிரித்தேன். நீ அடுப்படியில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாய், தலைமுடியில் ஒரு சொட்டு ஈரமில்லை.

உயர்தரப் பரீட்சை எழுதி முடித்து, பல்கலைக்கழகத்துக்குப் புள்ளி போதாமல் வீட்டிலிருந்தபோதுதான் காசல்ரி நீர்த்தேக்கத்துப் பக்கம் அந்தக் காம்பில் வேலை கிடைத்தது. கொழும்புக் கம்பெனிகளிலிருந்து ஆட்கள் வந்து கூடாரம் போட்டு, ஓடம் விட்டு, கயிற்றில் தொங்கிவிட்டுப் போகிற இடம். உனக்கு அறை கூட்டுகிற வேலை. உன்னைக் கொண்டுபோய் விட்ட அன்று, அந்த இடத்தை நடத்திய ருவன் ஓடிவந்து, "நங்கிகே தாத்தாத?" என்று கேட்டார். தங்கச்சியின் அப்பாவா என்று அவர் சிங்களத்தில் கேட்கிறார் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் தாத்தா என்ற சத்தம் காதில் விழுந்ததும் அங்கேயே கிழவனாகிவிட்ட மாதிரி இருந்தது. வரும் வழியெல்லாம் பஸ்ஸில் அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். இப்போது யார் அப்படிச் சொன்னாலும் சரியாகத்தான் இருக்கும்.

சில மாதம் கழித்து உன்னைப் பார்க்க வந்தபோது நீ கூட்டுமாறோடு இருப்பாய் என்று நினைத்தேன். அறைகளில் உன்னைக் காணவில்லை. பின்பக்கம் பலகை அடித்து ஒரு உயரமான சுவர் செய்திருந்தார்களே, அதன் உச்சியில் இருந்தாய். கீழே டவுனிலிருந்து வந்த பெரிய மனிதர்கள் வாயைப் பிளந்துகொண்டு நின்றார்கள். ருவன் என் பக்கத்தில் வந்து, அவருக்குத் தெரிந்த தமிழில் சொன்னார், "நங்கிக்கு யாரும் படிச்சுக் குடுக்க இல்ல. கூட்டி முடிச்சு, ஆள் இல்லாத நேரம், சும்மா ஏறி இருக்கு. நான் ஜன்னல்ல பாத்தது." நீ இறங்கி வந்தாய். எங்கே நான் ஏசுவேனோ என்று என் முகத்தைப் பார்த்தாய். ஏசத்தான் நினைத்தேன். ஆனால் நீ அப்போது சிரித்தாய் நிரோஷா. அம்மா போன பிறகு உன் பல் தெரிந்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன். என்னத்தை ஏச? "சாப்டியா?" என்று கேட்டேன். அவ்வளவுதான்.

பிறகு நடந்ததெல்லாம் உலகத்துக்குத் தெரியும். கொழும்பில் போட்டி, அதில் நீ முதலாவது. அடுத்த வருஷமும் முதலாவது. பெண்களில் பாறை ஏறப் பயிற்சி கொடுக்கிற முதல் ஆள். வெளிநாட்டுக்குப் போய்ப் போட்டியில் ஏறிய முதல் தோட்டத்துப் பிள்ளை. பத்திரிகையில் உன் படம் வந்தால் கீழே "தோட்டத் தொழிலாளியின் மகள்" என்று போடாமல் விடமாட்டார்கள். உன் பெயருக்கு முன்னால் என் வேலையை எழுதுவதில் அவர்களுக்கு என்ன சந்தோஷமோ. முதல், முதல் என்று கேட்டுக் கேட்டு அந்த வார்த்தையே எனக்குப் புளித்துவிட்டது. முதல் ஆள் என்று மாலை போடுகிறவர்களில் ஒருவராவது, இரண்டாவது ஆள் யார், அந்தப் பிள்ளை எங்கே என்று கேட்டதில்லை. அதை நீதான் கேட்டாய். மாலையைக் கழற்றி வைத்துவிட்டு, நம் தோட்டத்துக்கு வந்து, தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னாலிருக்கிற சின்னப் பாறையில் ஆணி அடித்து, லயத்துப் பிள்ளைகளைக் கூப்பிட்டு ஏறவைத்தாய். அந்த ஏற்றப் பாதைகளுக்கு நீ வைத்த பெயர்களை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வரும். காலையில் வேலைக்குப் பேர் கொடுக்க நிற்கிற மாதிரி எல்லாரும் வரிசையாக நிற்பதால் ஒன்றுக்குப் பெரட்டு. பாதியிலேயே எல்லாரும் விழுந்துவிடுவதால் இன்னொன்றுக்கு அரைப்பேர். கொழுந்து நிறை குறைந்தவர்களுக்கு அரை நாள் போட்டு வயிறெரிய வைக்கிற வார்த்தையை எடுத்து, பிள்ளைகள் சிரித்துக்கொண்டே சொல்கிற வார்த்தையாக்கிவிட்டாய். என்னைக் கேட்டால் உன் பதக்கங்களைவிட அதுதான் பெரிசு.

நான் கயிறு பிடிக்கப் பழகியதும் அந்தச் சின்னப் பாறையில்தான். உனக்கு வேறு ஆள் இருக்கவில்லை. ருவன் ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து எனக்குச் சொல்லிக்கொடுத்தார். தேயிலை ஸ்டோரில் மெஷின் பக்கத்தில் நின்று பழகிய எனக்கு அந்த வேலை சீக்கிரம் பிடிபட்டது. மெஷினை ஓடவிட்டுவிட்டு வேறுபக்கம் பார்க்கக்கூடாது. இதிலும் அதேதான். "வலது கை விடவே ஏலாது. பேச்சு வேணாம். நங்கிய மட்டும் பாருங்க" என்பார் ருவன். அவர் சொன்னபடியே செய்தேன்.

கொடிப்பாறையின் கதையை நீ மேடைகளில் சொல்லிக் கேட்டிருக்கிறேன். நீ சொல்வது மேலேயிருந்து பார்த்த கதை. கீழே நின்றவன் கதையை இதுவரை நீ கேட்டதில்லை. திருவிழாவுக்குக் கொடி கட்ட ஆம்பிளைகள் பின்பக்கத்து ஒற்றையடிப் பாதையில் ஏறிப்போவது தலைமுறை தலைமுறையாக நடக்கிறது. முன்பக்கம் செங்குத்து. நடுவில் வயிறு மாதிரி வெளியே தள்ளிக்கொண்டு நிற்கிற இடம். அதில் யாரும் ஏறியதுமில்லை, ஏற நினைத்ததுமில்லை. அடியில் முனியாண்டி கோயில். நீயும் ருவனும் மேலேயிருந்து தொங்கி ஆணி அடித்த செய்தி பரவியதுமே கோயில் தலைவர் ராமையா அண்ணன் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். தகரக் கொட்டகையில் கூட்டம். "சாமி தலைக்கு மேல பொம்பளப் புள்ள கால வைக்கிறதா? தோட்டத்துக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா யாரு பதில் சொல்றது?" என்றார். நான் தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். நீதான் பின்னாலிருந்து கேட்டாய், "மாமா, சாமி வெயிலிலயும் மழையிலயும் இருக்காருன்னு அந்தக் கூரையைப் போட்டப்ப, மேல ஏறி ஆணி அடிச்சவங்க கால் எங்க இருந்துச்சு?" சிலர் சிரித்தார்கள். ராமையா அண்ணன் சிரிக்கவில்லை. அடுத்த கூட்டத்திலும் வேண்டாம் என்றார்கள். அதற்கடுத்த கூட்டத்திலும் அதையேதான் சொன்னார்கள். சரி என்று யாரும் சொல்லவேயில்லை புள்ள. வேண்டாம் வேண்டாம் என்று சொல்லி அவர்களுக்கே அலுத்துப்போய்விட்டது. நமக்குக் கிடைத்தது அவ்வளவுதான். இனிமேல் போகிற இடங்களிலும் உனக்கு அப்படித்தான் இருக்கும். யாராவது வாசலைத் திறந்து வா என்று கூப்பிடுவார்கள் என்று காத்துக்கொண்டிருக்காதே. திட்டுகிறவர்கள் களைக்கும்வரை நீ களைக்காமல் இரு. அதற்கு உன் வயசில்தான் முடியும்.

முதல் தடவை நீ அந்த வயிற்றில் ஏறி விழுந்தாயே, அன்றைக்கு உனக்கு ஒன்றும் ஆகவில்லை. கயிறு தாங்கிவிட்டது. ஆனால் நான் எடை குறைந்த ஆள். நீ விழுந்த வேகத்தில் கயிறு என்னை நிலத்திலிருந்து தூக்கிக்கொண்டுபோய்ப் பாறையில் அடித்தது. தோள்பட்டையில் ஏதோ முறிகிற சத்தம் கேட்டது. கையை விடவில்லை. உன்னை மெதுவாகத் தரைக்கு இறக்கிய பிறகுதான் உட்கார்ந்தேன். நீ என் சட்டையைப் பிடித்துக்கொண்டு அழுதாய். "இனி ஏறமாட்டேன்பா" என்றாய். நான், "சும்மா கத பேசாத, தண்ணி எடு" என்றேன். அந்தத் தோள்தான் மழைக்காலம் முழுக்க இப்போதும் என்னோடு பேசிக்கொண்டிருக்கிறது. குறை சொல்வதற்காக எழுதவில்லை. ஒருவர் மேலே போகும்போது கீழே நிற்கிறவர் உடம்பிலும் ஏதோ ஒன்று போகிறது. நாளைக்கு உனக்குக் கயிறு பிடிக்கிறவர்களையும் நீ அப்படிப் பார்க்க வேண்டும். இறங்கி வந்ததும் உன் கையைப் பார்ப்பதற்கு முன்னால் அவர்கள் கையைப் பார்.

அடுத்த மாசியில் பாறை காய்ந்து கிடந்தபோது அம்மா லீவில் வந்திருந்தாள். நீ ஏறுகிறாய் என்று போனில் கேள்விப்பட்டிருந்தாளே தவிர, ஒருநாளும் கண்ணால் பார்த்ததில்லை. வீட்டுக்குள் நீங்கள் இரண்டு பேரும் ஒருவரையொருவர் தட்டிக்கொள்ளாமல் சுவரோரமாக நடந்தீர்கள். வந்த மூன்றாம் நாள் காலை பனி விலகியதும் நாம் பாறைக்குப் போனோம். அம்மா ஃபிளாஸ்க்கில் தேத்தண்ணியோடு பின்னாலேயே வந்தாள். அங்கே ராமையா அண்ணனும் நின்றார். நீ கொஞ்ச உயரம்தான் ஏறியிருப்பாய், அவர் அம்மாவைப் பார்த்து, "லெச்சுமி, பொம்பளப் புள்ளைய இப்படித் தொங்கவிட்டு ஒம் புருஷன் வேடிக்க பாக்குறான். பெத்தவ நீயாச்சும் ஒரு வார்த்த சொல்லக்கூடாதா?" என்றார்.

அம்மா அண்ணாந்து உன்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "அவ இடுப்புல கட்டியிருக்கிறது என்னாண்ணே?" என்று கேட்டாள்.

"கயிறுதான். வேற என்னா?"

"நான் அங்க ஒம்பதாவது மாடியில, சன்னலுக்கு வெளிய நின்னுதான் கண்ணாடி தொடப்பேன். ஒரு கையால சட்டத்தப் புடிச்சுக்கிட்டு மத்த கையால தொடைக்கணும். எனக்குக் கயிறும் இல்ல, கீழ நின்னு புடிக்க ஒரு ஆளும் இல்ல. எம் மகளுக்கு ரெண்டும் இருக்குண்ணே. அவ ஏறட்டும்."

சத்தம் போட்டுச் சொல்லவில்லை அவள். ஆனால் நீ அப்போது பக்கத்தில்தான் இருந்தாய். எல்லாம் உன் காதில் விழுந்தது. உன் கால் அப்படியே நின்றது எனக்குத் தெரிந்தது. கயிற்றைப் பிடித்திருக்கிறவனுக்கு உன் மூச்சு நிற்பதுகூடத் தெரியும். ரொம்ப நேரம் நீ அசையவில்லை. இறங்கப்போகிறாய் என்று நினைத்து இறக்குவதற்குத் தயாரானேன். ஆனால் நீ கையை இடுப்புப் பைக்குள் விட்டு வெள்ளைத் தூளைத் தேய்த்துக்கொண்டு மேலே போகத் தொடங்கினாய். பிளவைத் தாண்டினாய். வயிற்றுக்குக் கீழே வந்ததும் உன் இடது கால் தையல் மெஷின் மாதிரி ஆடியது. அம்மா என் பக்கத்தில் முந்தானையை வாய்க்குள் வைத்துக்கொண்டு நின்றாள். ஒரே எட்டில் விளிம்பைப் பிடித்தாய், இரண்டு காலும் அந்தரத்தில் ஊசலாடின, பிறகு ஒரு காலைத் தூக்கி மேலே போட்டாய். அதற்கப்புறம் உன்னைக் காணவில்லை. வயிற்றைத் தாண்டினால் கீழே நிற்கிறவருக்குக் கண் உதவாது. கயிறு ஓடினால் நீ ஏறுகிறாய், கயிறு நின்றால் நீ நிற்கிறாய், அவ்வளவுதான் தெரியும். கயிறு ஓடியது, நின்றது, ஓடியது. பிறகு கொடிக்கம்பத்துப் பக்கத்தில் உன் தலை தெரிந்தது. ராமையா அண்ணன் தோளிலிருந்த துண்டை எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டு இறங்கிப் போனார்.

அந்தப் பாதைக்கு நீ வைத்த பெயர் ஒன்பதாம் மாடி. எதற்கு அப்படி ஒரு பெயர் என்று எல்லாரும் கேட்டார்கள். யாருக்கும் நீ காரணம் சொல்லவில்லை. அம்மாவுக்கும் சொல்லவில்லை. அவள் மறுபடி குவைத்துக்குப் போன பிறகு நான்தான் போனில் சொன்னேன். லைன் அறுந்துவிட்டதோ என்று "ஹலோ, ஹலோ" என்றேன். "இருக்கேங்க" என்று மட்டும் சொன்னாள்.

அதற்குப் பிறகும் எவ்வளவு நடந்துவிட்டது. உன் விரல் நரம்பு அறுந்து, சோற்றைப் பிசையக்கூட முடியாமல் ஒரு வருஷம் வீட்டில் கிடந்தாய். காம்பை மூடிவிட்டு ருவன் குடும்பத்தோடு வெளிநாடு போனார். நீ திரும்பவும் ஏறினாய். கொழும்பில் அறை எடுத்துத் தங்கிப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தாய். அம்மா போன வருஷம் முழங்கால் வலியோடு ஒரேயடியாகத் திரும்பி வந்துவிட்டாள். இப்போது நீங்கள் இரண்டு பேரும் பேசிக்கொள்கிறீர்கள், அது எனக்குத் தெரியும். "சாப்டீங்களா", "அங்கிட்டு மழையா", "ஒடம்பு எப்படி". பஸ்ஸில் பக்கத்துப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தவர்கள் தலவாக்கலை வரும்வரை பேசுவார்களே, அந்த மாதிரி. இறங்குகிற இடம் வந்ததும் எழும்பிப் போய்விடுகிறீர்கள்.

நீ கோபத்தில் இருக்கிறாய் என்று எனக்குத் தோன்றவில்லை. கோபம் எப்போதோ போய்விட்டது. அது இருந்த இடம் காலியாகக் கிடக்கிறது, அங்கே என்ன வைப்பது என்று உனக்குத் தெரியவில்லை. அவளுக்கும் தெரியவில்லை. நீ வயசுக்கு வந்தபோதும், பரீட்சை எழுதியபோதும், பாறையிலிருந்து விழுந்தபோதும் அவள் இல்லை. கூரைக்காகவும் உன் படிப்புக்காகவும்தான் போனாள் என்று உனக்கு நான் ஆயிரம் தடவை சொல்லியிருப்பேன். நீயும் தலையை ஆட்டியிருப்பாய். சொல்லிப் புரியவைக்கிற காரியம் இல்லை அது என்று இப்போது எனக்குப் படுகிறது. உங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் நின்று இங்கிருந்து அங்கும், அங்கிருந்து இங்கும் செய்தி கொண்டுபோவதிலும் நான் களைத்துவிட்டேன். இது என் கடைசிச் செய்தி. இதைச் சொல்லத்தான் இவ்வளவு தூரம் எழுதினேன்.

சின்னப் பாறைக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் உன் பிள்ளைகள் வருவார்கள் அல்லவா? நீ இல்லாதபோது பெரிய பிள்ளைகள் சின்னவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பார்கள். ஆறேழு மாதமாக அம்மாவும் அங்கே போகிறாள். முதலில் சும்மா வேடிக்கை பார்க்கத்தான் போகிறாள் என்று நினைத்தேன். ஒருநாள் கையில் கயிறு உராய்ந்த கோட்டைப் பார்த்துவிட்டு என்ன என்று கேட்டேன். "புள்ளைகளுக்குப் புடிச்சு விடுறேங்க. எனக்கும் சொல்லிக் குடுத்துச்சுக. அவகிட்ட சொல்லிறாதீங்க" என்றாள். மழை பெய்தாலும் கொட்டகையில் உட்கார்ந்து முடிச்சுப் போட்டுப் பழகியிருக்கிறாள். சேலையோடு நின்றால் சரிப்படாது என்று பிள்ளைகள் சொன்னதும் மறுவாரமே உன் பழைய காற்சட்டையைப் போட்டுக்கொண்டு லயத்து நடுவால் நடந்து போனவள் அவள். பார்த்தவர்கள் பேசாமல் இருக்கவில்லை. அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

நேற்று நீ போனில் கேட்டதையும் நான் சொன்னதையும் அவளும் பக்கத்திலிருந்து கேட்டுக்கொண்டிருந்தாள். போனை வைத்ததும், "நான் புடிக்கட்டுமா?" என்றாள். நான் அவள் கையைப் பார்த்தேன். "அவளுக்கு இஷ்டம்னா மட்டும். நான் கேட்டா வேணாம்னுருவா. நீங்க கேளுங்க" என்றாள். கேட்பது சுலபம். ஆனால் உன் உயிரை இன்னொருவர் கையில் கொடுக்கச் சொல்லுகிறேன், அது பெற்றவளே ஆனாலும் நான் பார்க்காமல் சொல்லமுடியாது. இன்றைக்குக் காலையில் சின்னப் பாறைக்குப் போனோம். இடுப்புப் பட்டியை நான் கட்டிக்கொண்டேன். "என்னத் தாங்குவியா?" என்று கேட்டேன். "குவைத்துல ரெண்டு பேரு தூக்குற கெழவிய ஒத்தையாத் தூக்கிக் குளிப்பாட்டினவ நான். ஏறுங்க" என்றாள். பிள்ளைகள் அவளுக்குப் பின்னால் இருந்த டர்பன்டைன் மரத்தில் அவள் இடுப்பைக் கட்டிவிட்டார்கள், கயிறு என்னைத் தூக்கி அடித்த மாதிரி அவளையும் அடிக்கக்கூடாது என்று. நல்ல பிள்ளைகள், நீ வளர்த்தவர்கள்.

நான் அரைப்பேர் பாதையில் ஏறினேன். ஏறினேன் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது, தவழ்ந்தேன். ஆள் உயரத்துக்கு மேலே போனதும் வலது கை வழக்கம்போல் காணாமல் போய்விட்டது. விழுந்தேன். வேண்டுமென்று விடுவதாகத்தான் நினைத்திருந்தேன், ஆனால் நிஜமாகவே விழுந்துவிட்டேன். ஒரு சின்ன இழுப்பு, அவ்வளவுதான். அப்படியே நின்றேன், அந்தரத்தில். இத்தனை வருஷம் கயிற்றின் கீழ்முனையில் நின்றவனுக்கு மேல்முனை எப்படி இருக்கும் என்று தெரியாது நிரோஷா. காலுக்குக் கீழே ஒன்றுமில்லை, ஆனாலும் உடம்பு பயப்படவில்லை. கீழே பார்த்தேன். அம்மா வாய் திறக்கவில்லை. வலது கையை இடுப்போடு சேர்த்துப் பூட்டிக்கொண்டு, என்னை விட்டுக் கண்ணை எடுக்காமல் நின்றாள். எனக்கு அங்கேயே தூக்கம் வருகிற மாதிரி இருந்தது. இறக்கு என்று சொல்ல மனசு வராமல் கொஞ்ச நேரம் தொங்கிக்கொண்டிருந்தேன். பிள்ளைகள், "தாத்தா, இறங்கலையா?" என்று கேட்டுச் சிரித்தார்கள்.

ஆகவே என் பதில் இதுதான். நான் பிடிக்கமாட்டேன். அம்மா பிடிப்பாள். உனக்கு வேண்டாம் என்றால் வேண்டாம் என்று சொல், உன்மேல் யாரும் வருத்தப்படமாட்டார்கள், நானே அவளுக்குச் சொல்லிக்கொள்வேன். சம்மதமென்றால் சனிக்கிழமையே வந்துவிடு. மறுநாள் காலையில் பனி விலகியதும் போகலாம். நான் முனியாண்டி கோயில் படியில் உட்கார்ந்திருப்பேன், அண்ணாந்து பார்க்கமாட்டேன். ஒன்றே ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள். வயிற்றைத் தாண்டிய பிறகு கயிறு தளர்த்தச் சொல்லிக் கத்துவாயே, அப்போது பழக்கதோஷத்தில் "அப்பா" என்று கூப்பிட்டுவிடாதே. கூப்பிட்டால் அவள் என்னைத் திரும்பிப் பார்ப்பாள். அந்த நேரத்தில் அவள் கண் கயிற்றை விட்டு அசையக்கூடாது. அம்மா என்று கூப்பிடு.

அப்பா